முதல் பத்திரமா, வட்டி பெருசா?

குளச்சலை அடுத்த கிராமம் ஒன்றில் 60 சென்ட் தென்னை விளை வைத்திருக்கும் அந்த விவசாயிக்கு வயது 61. முட்டுவலி வந்ததிலிருந்து மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. உரம் வைக்கவும் தேங்காய் வெட்டவும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும். கூலி போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் தனியாகக் கிடந்த ஒரு துண்டு நிலத்தை விற்றார். கடனை அடைத்தது போக 6 லட்சம் ரூபாய் கையில் நின்றது. கணவன், மனைவி இருவருக்கும் ஆயுசுக்கு உள்ள பணம் அதுதான்.

விஷயம் தெரிந்ததும் பழக்கமான ஒருவர் வீடு தேடி வந்தார். "அண்ணாச்சி, நம்ம நிதியில போடுங்க. நூத்துக்கு ரெண்டு ரூவா வட்டி. மாசம் 12,000 கையில வரும்" என்றார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. மனைவிதான் மறித்தார். "வட்டி வரும், சரி. மொதலு எங்க இருக்கும்னு கேட்டீங்களா? மத்தம்பாலையில போட்டவங்க கதை மறந்து போச்சா?"

குமரி மாவட்டத்தில் அது மறக்கக்கூடிய கதை அல்ல. பளுகல் அருகே மத்தம்பாலையில் இயங்கிய நிர்மல் கிருஷ்ணா நிதி நிறுவனம் 2017-ம் ஆண்டு மூடப்பட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டினரும், அந்தப் பக்கம் கேரள மக்களும் அதில் பணம் போட்டிருந்தார்கள். போட்ட பணத்தைக் கேட்டுப் போலீஸில் புகார் கொடுக்கும் நிலை வந்தது.

நூற்றுக்கு 2 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவிகிதம். அதைக் கொடுக்க வேண்டுமானால் வாங்குபவர் அதற்கும் மேல் சம்பாதிக்க வேண்டும். மழை, வெயில், விலை எல்லாம் பார்த்த விவசாயிக்குத் தெரியும், எந்தத் தொழிலிலும் வருஷம் தவறாமல் அப்படி லாபம் வராது. இப்படி வாக்குக் கொடுக்கும் பல இடங்களில், பின்னால் வருபவரின் முதல்தான் முன்னால் வந்தவருக்கு வட்டியாகப் போகிறது. புதுப் பணம் நின்றால் கதவு மூடும்.

கடைசியில் அந்தக் குடும்பம் 1 லட்சத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று வங்கியில் வைத்தது. மீதி 5 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டது. 60 வயது நிறைந்தவர்கள் இதில் சேரலாம். மனைவியைக் கூட்டுக் கணக்கில் சேர்க்கலாம். அவருக்கு 60 ஆகியிருக்க வேண்டியதில்லை. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். காலம் 5 ஆண்டு. 2023 ஏப்ரலில் இதன் வட்டி 8.2 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் 5 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய் கிடைக்கும். கணக்குத் தொடங்கும்போது உள்ள வட்டி 5 ஆண்டுக்கும் மாறாது. அவசரம் என்றால் சிறு பிடித்தத்தோடு முன்பே எடுக்கவும் வழி உண்டு.

மாதம் 12,000 எங்கே, மூன்று மாதத்துக்கு 10,250 எங்கே என்று அவருக்குக் குறைதான். ஆனால் 5 லட்சம் அப்படியே நிற்கும். அதற்கு அரசு பொறுப்பு.

'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்பது பழமொழி. நெட்டைத் தென்னை ஆறேழு வருஷத்தில் காய்க்கும். பனைக்கு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் காத்திருக்க வேண்டும். அறுபதில் சேமிக்க ஆரம்பிப்பது அந்த வயதில் பனங்கொட்டை ஊன்றுவது போலத்தான். இது அவருடைய 30 வயது மகனுக்கு உறைத்தது.

இரண்டு ஹெக்டேர் வரை நிலமுள்ள, 18 முதல் 40 வயதுக்குட்பட்ட விவசாயிகளுக்காக 2019-ல் பிரதமரின் கிசான் மான்தன் திட்டம் வந்தது. 30 வயதில் சேருபவர் மாதம் 105 ரூபாய் கட்ட வேண்டும். அரசும் அதே அளவு போடும். 60 வயதுக்கு மேல் மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம். ஆனால் நிலம் அவரவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். இங்கே பட்டா அப்பா பெயரில் இருந்ததால் மகன் இதில் சேர முடியவில்லை. வங்கிக்குப் போய் அடல் பென்ஷன் திட்டத்தில் சேர்ந்தார். அதற்கு நிலம் வேண்டாம். வங்கிக் கணக்கு போதும். வயது 18 முதல் 40 வரை இருக்க வேண்டும், வருமான வரி கட்டுபவராக இருக்கக் கூடாது. 30 வயதில் மாதம் 577 ரூபாய் கட்டி வந்தால், 60-க்கு மேல் மாதம் 5,000 ரூபாய். அவருக்குப் பிறகு மனைவிக்கும் அதே தொகை வரும். 18 வயதிலேயே சேர்ந்திருந்தால் 210 ரூபாய் போதும். 40 வயது வரை தள்ளிப்போட்டால் 1,454 ரூபாய்.

முப்பது வருஷம் கழித்து 5,000 ரூபாய்க்கு இன்றுள்ள மதிப்பு இருக்காது. ஓய்வூதியம் மட்டும் சோறு போட்டுவிடாது. அதனால்தான் விளையில் காய்ப்பு குறைந்த மரங்களுக்கு இடையே புதுக் கன்றுகளும் வைத்திருக்கிறார்கள்.

நிலம் விற்ற பணமோ, மரம் விற்ற பணமோ கைக்கு வந்தால் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு? இவ்வளவு வட்டி எந்த வருமானத்திலிருந்து வருகிறது? நாளைக்கே முதலைத் திருப்பிக் கேட்டால் எத்தனை நாளில் தருவார்கள்? கேட்பவர் சொந்தக்காரரே ஆனாலும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பணம் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாம். 40 வயது தாண்டாத பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஆதார் அட்டையோடும் வங்கிப் புத்தகத்தோடும் இந்த வாரமே வங்கிக்கு அனுப்பி வையுங்கள்.