தேதி தப்பு, இடம் சரி

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு ஒரு கடையைப் பத்தி எழுதப் போறேன். கடைப் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா "எவ்வளவு வாங்கினே?"ன்னு பின்னூட்டத்துல வந்து கும்மி அடிப்பீங்க :-)

முதல்ல கொஞ்சம் கொசுவர்த்தி. எங்க ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு கடற்கரை கிராமம். அப்பா படிச்சு வாத்தியார் ஆயிட்டதால நான் கடலுக்குள்ள போனது மொத்தமே நாலு தடவை. நாலு தடவையும் வாந்தி. சித்தப்பா அப்படி இல்லை. 15 வயசுல கடலுக்குப் போக ஆரம்பிச்சவர், இன்னும் போறார். ஃபைபர் வள்ளம், அவுட்போர்டு எஞ்சின், கூட ரெண்டு பேர். ராத்திரி தூண்டில் மீன்பிடி. பாருக்கு மேல, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு மேல, சரியா நின்னாத்தான் மீன். அந்தக் காலத்துல கரையில தெரியுற மலை உச்சி, கோவில் கோபுரம், தென்னந்தோப்புன்னு ரெண்டு ரெண்டா நேர்கோட்டுல வச்சு இடம் பார்ப்பாங்களாம். இப்ப எல்லாத்துக்கும் ஜிபிஎஸ்.

2025 பிப்ரவரியில ஒரு செவ்வாய்க்கிழமை, மீட்டிங்குக்கு நடுவுல சித்தப்பா போன்.

"மக்கா, ஜிபிஎஸ்ல தேதி 2005னு காட்டுது. இத நம்பி போலாமா?"

பொட்டி தட்டுறவன் கிட்ட இப்படிக் கேட்டா என்ன சொல்லுவான்? "பழசாயிட்டு சித்தப்பா, தூக்கிப் போடுங்க, புதுசு வாங்கிக்கலாம்"னு சொல்லிட்டேன். சொன்ன கையோட ஒன்பது இஞ்ச் கலர் டச் ஸ்கிரீன் ஒண்ணுக்கு லிங்க்கும் அனுப்பிட்டேன். விலை? சித்தி சீட்டுப் போட்டு சேர்த்து வச்சிருக்கற காசு மொத்தமும் போகும். ஆனா சித்திதான் முதல்ல சரின்னாங்க. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடிச்சப்ப எங்க கடற்கரையில எத்தனை வீட்டு ஆம்பளைங்க திரும்பி வரலேன்னு பார்த்தவங்க அவங்க. அதுக்கப்புறம் சித்தப்பா கடல்ல இருக்கற ராத்திரியெல்லாம் சித்தி தூங்குறதில்லை. "காசு போனா போட்டும், வழி தெரியாம நிக்கக் கூடாது"ன்னாங்க.

சனிக்கிழமை ஊருக்குப் போயி சித்தப்பாவைக் கூட்டிட்டு முதல்ல போனது டவுன்ல ஒரு பெரிய ஷோரூம். ஏசி, கண்ணாடிக் கதவு எல்லாம் உண்டு. அங்க இருந்த தம்பி என்னைப் பார்த்து, என் கிட்ட மட்டுமே பேசினார். ப்ளூடூத் இருக்கு சார், வைஃபை இருக்கு சார், மொபைல் ஆப் இருக்கு சார். சித்தப்பா கையில பழைய ஜிபிஎஸ்ஸை மஞ்சப்பையில சுத்தி வச்சுக்கிட்டு பக்கத்துல நிக்கறார். "இதுல இருக்கற பாயின்ட்டெல்லாம் புதுசுக்கு மாத்தித் தருவீங்களா"ன்னு மெதுவா கேட்டார். அதுக்கு அந்தத் தம்பி என்னைப் பார்த்து, "அது கஸ்டமர்தான் பார்த்துக்கணும் சார்"ன்னார். கஸ்டமரே அவர்தான்யா! அவ்வ்வ்...

சித்தப்பா ஒண்ணும் சொல்லலை. வெளிய வந்து, "வேற ஒரு இடம் உண்டு, வா"ன்னு மட்டும் சொன்னார்.

அந்த வேற இடம் துறைமுகத்துக்குப் பக்கத்துல, வலைக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவுல, பத்துக்குப் பத்து ரூம். சுவர் பூரா ஒயர். மேஜையில பிரிச்சுப் போட்ட ஒரு எக்கோ சவுண்டர். அறுபது வயசு இருக்கும் ஒரு அண்ணாச்சி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி சித்தப்பாவைப் பார்த்தார்.

"வாங்க அண்ணாச்சி. என்ன வள்ளம்? எவ்வளவு தூரம் போவீங்க? ராத்திரியா பகலா? வள்ளத்துல பேட்டரி உண்டா? கூட யாரு, அவங்களுக்கு இத பாக்கத் தெரியுமா?"

விலையே பேசலை. இந்த அஞ்சு கேள்வியும் முடிஞ்சப்புறம்தான் பழைய கருவியை வாங்கிப் பார்த்தார். பார்த்துட்டு நேரா ரோட்டுக்குப் போயிட்டார். கடையில இருந்து வேறொரு ஜிபிஎஸ்ஸும் எடுத்துக்கிட்டார். வெட்டவெளியில ரெண்டையும் ஒரு பெட்டி மேல பக்கத்துல பக்கத்துல வச்சார். சாட்டிலைட் பிடிக்கற வரைக்கும் டீ சொன்னார் (அவர் காசுதான்).

டீ குடிச்சு முடிச்சுப் பார்த்தா ரெண்டுலயும் அட்சரேகை, தீர்க்கரேகை ஒண்ணா இருக்கு. கடைசி இலக்கம் மட்டும் அங்க இங்க ஆடுது. பழசுல தேதி 2005 ஜூலை 2.

"தம்பி, அந்தத் தேதி என்ன கிழமைன்னு போன்ல பாருங்க."

பார்த்தேன். சனிக்கிழமை. அன்னிக்கும் சனிக்கிழமை.

"தேதிதான் தப்பு, கிழமை சரி. இது ரிப்பேர் இல்ல. ஸ்கூட்டர் மீட்டர் 99999க்கு அப்புறம் மறுபடி சைபருக்குப் போவும்லா? அது மாதிரி."

எனக்கு அங்கதான் மண்டையில மணி அடிச்சது. சாட்டிலைட் இது எத்தனாவது வாரம்னு ஒரு எண்ணை அனுப்புது. கணக்கு 1980 ஜனவரி 6ல ஆரம்பம். அந்த எண்ணுக்கு ஒதுக்கினது பத்தே பிட். 0ல இருந்து 1023 வரைக்கும்தான் எண்ண முடியும், அப்புறம் மறுபடி 0. 1999 ஆகஸ்ட்ல ஒரு தடவை சுத்திச்சு, 2019 ஏப்ரல்ல இன்னொரு தடவை. நிறைய கருவிகள்ல, அந்த மென்பொருள் எழுதின காலத்தை வச்சு ஒரு சரிக்கட்டல் போட்டிருப்பாங்க. அதனால 2019ல தப்பிச்சது, தன்னோட 1024 வாரம் தீர்ந்ததும் வேற ஏதோ ஒரு நாள்ல பின்னாடி குதிக்கும். 1024 வாரம்னா சுமார் 19 வருஷம் ஏழரை மாசம். முழு வாரக் கணக்குங்கறதால கிழமை மாறாது. இடத்தைக் கணக்குப் போட வாரத்துக்குள்ள எத்தனாவது நொடிங்கறதுதான் முக்கியம், அதனால இடமும் மாறாது. புது வகை சிக்னல்கள்ல இதுக்கு 13 பிட் குடுத்திருக்காங்க, 157 வருஷத்துக்குத் தாங்கும்.

இது எல்லாம் நான் படிச்ச படிப்பு மக்களே. ஒய்டூகே பத்தி காலேஜ்ல செமினார் எடுத்தவன் நான். ஆனா போன்ல, ஒரு கேள்வி கூடக் கேட்காம, தூக்கிப் போடுங்கன்னு சொன்னவனும் நான்தான்.

"அப்ப புதுசு வேண்டாமா அண்ணாச்சி?"ன்னு சித்தப்பா.

"தேதிக்காக வாங்க வேண்டாம். அதுல காட்டுற சூரியன், நிலா நேரத்த மட்டும் நம்பாதீங்க, அது தப்பா இருக்கும்"னு சொல்லிக்கிட்டே பின்மூடியைக் கழட்டினார். உள்ள செல் உக்காருற இடத்துல பச்சை பூத்திருந்தது. ரப்பர் வெடிச்சிருந்தது. "ஆனா இது தண்ணி குடிச்சிருக்கு. இன்னிக்கும் நிக்கலாம், நடுக்கடல்லயும் நிக்கலாம். இதுக்காக வேணா ஒண்ணு வாங்குங்க."

நான் விடாம அந்த ஒன்பது இஞ்ச் டச் ஸ்கிரீனைக் காட்டினேன். அவர் சிரிக்கலை. சித்தப்பா கையைப் பிடிச்சு என் கிட்ட காட்டினார். "மீன் எண்ணெயும் உப்புத் தண்ணியுமா இருக்கற கை தம்பி. நாலு தடவ தொட்டாத்தான் ஒரு தடவ கேக்கும். அதுவும் பேட்டரியில ஓடணும். எஞ்சின் நின்னு பேட்டரியும் இறங்கினா?" அவர் எடுத்துக் கொடுத்தது பட்டன் வச்ச கைக்கருவி. ரெண்டு பென்சில் செல் போதும். தண்ணியில விழுந்தா மிதக்கும். என் லிங்க்ல இருந்த விலையில கால்வாசி கூட இல்லை.

அடுத்து பாயின்ட். பழசுல இருநூறுக்கு மேல இருந்தது. மேஜை டிராயர்ல இருந்து ஒரு பழைய சீரியல் கேபிளை எடுத்து, தன்னோட கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் இறக்கி, புதுசுல ஏத்தி, பென் டிரைவ்ல ஒரு காப்பியும் போட்டுக் கொடுத்தார். அத்தனை வருஷ உழைப்புக்கு அதுவரைக்கும் பேக்கப் கிடையாது. எனக்கும் தோணலை.

மிச்சம் சித்தப்பாவோட நோட்டுப் புஸ்தகத்துல நாப்பது இடம். "நான் அடிக்கறேன்"னு உக்காந்தேன். அஞ்சு இடம் அடிச்சதும் அண்ணாச்சி நிறுத்தச் சொன்னார். நோட்டுல 07 52 30னு இருந்ததை நான் 07 52.300னு அடிச்சிருக்கேன். (நெசமான எண் இல்லை, அதைச் சொன்னா சித்தப்பா கொன்னுடுவார்.)

"இந்தப் பழைய பக்கத்துல கடைசி எண் எங்கயாவது 59க்கு மேல போகுதா பாருங்க. போகல. அப்ப இது செகண்ட். 30 செகண்ட்னா அரை நிமிஷம், .500னு அடிக்கணும்."

வித்தியாசம் 0.2 நிமிஷம். அட்சரேகையில ஒரு நிமிஷம்னா ஒரு கடல் மைல், 1852 மீட்டர். அப்ப நான் பண்ணினது 370 மீட்டர் தப்பு. பாரைத் தேடி ராத்திரி பூரா டீசல் மாதிரி மண்ணெண்ணெயை எரிச்சிருப்பாங்க. நோட்டுல துறைமுக வாய்க்கான பாயின்ட்டும் இருந்தது. பழைய பக்கத்துலதான். இருட்டுல அதை நம்பி வந்திருந்தா 370 மீட்டர் தள்ளி என்ன இருக்கும்னு சித்தப்பாவைக் கேட்டேன். "கல்லு"ன்னார்.

அண்ணாச்சி அதோட விடலை. நோட்டுலயும் கருவியிலயும் பொதுவா இருக்கற ஒரு பாரை சித்தப்பாவை வச்சுக் கண்டுபிடிச்சு, ரெண்டு எண்ணும் ஒத்துப் போகுதான்னு பார்த்தப்புறம்தான் மிச்சத்தை அடிக்க விட்டார். நான் வாசிக்க, அவர் அடிக்க, சித்தப்பா சரிபார்க்க, மூணு மணி நேரம். கிளம்பறப்ப பில்லு போட்டு, வாரன்டி கார்டுல முத்திரை குத்திக் கொடுத்துட்டு சித்தப்பா கிட்ட சொன்னார்:

"மூணு தடவ பழசையும் புதுசையும் சேத்துக் கொண்டு போங்க. ஒத்து வரலேன்னா திருப்பிக் கொண்டாங்க, காசு தாறேன். காம்பஸ தூரப் போட்டுராதீங்க."

பத்து நாள் கழிச்சு சித்தப்பாவுக்கு அவரே போன் பண்ணி, ஒத்து வருதான்னு கேட்டாராம்.

திங்கக்கிழமை ஆபீஸ் வந்தேன். கஸ்டமர் ஒருத்தர் திறந்த டிக்கெட் ஒண்ணை, "எதிர்பார்த்தபடிதான் வேலை செய்யுது"ன்னு ஒரே வரி எழுதி முந்தின வாரம் மூடியிருந்தேன். தேதி தப்பு, இடம் சரிங்கற மாதிரிதான், தொழில்நுட்பப்படி நான் எழுதினது உண்மை. ஆனா அந்த ஆள் அதை வச்சு என்ன செய்யறார், எதுக்கு பயப்படறார்னு நான் கேட்கவே இல்லை. திரும்பத் திறந்து, போன் போட்டுக் கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். பிரச்சனை அவர் எழுதினதுல இல்லை, வேற இடத்துல இருந்தது.

சித்தி இப்பவும் தூங்குறதில்லை. ஆனா அந்தப் பழைய ஜிபிஎஸ் வள்ளத்துல ஸ்பேரா கிடக்கு, 2005ஐக் காட்டிக்கிட்டு. புதுசு வாங்கினதுல மிச்சமான காசை சித்தி திரும்பவும் சீட்டுல போட்டுட்டாங்க.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு அண்ணாச்சி இருப்பார். பேர் வேண்டாம், கதையை மட்டும் பின்னூட்டத்துல எழுதுங்க.

பி.கு: வாங்கற பொருளை வச்சு வாழ்றவர் பக்கத்துல நிக்கறப்ப, கூட வந்தவன் கிட்ட பேசற கடையில நான் இனிமே எதுவும் வாங்கறதா இல்லை.