அத்தையின் சம்பளம்

"ஏங் கண்ணு, நீ பத்திரிகையிலே இருக்கிறவ. சர்க்கார் ஆபீசுலே எப்படிப் பேசோணும்னு உனக்குத் தெரியாதா? ஒரு நடை கூட வா!"

2022ஆம் வருஷம் கோபிசெட்டிபாளையத்து அத்தை டெலிபோனில் இப்படி அழைத்தபோது, மறுப்புச் சொல்ல முடியாமல் லீவு போட்டுவிட்டு ரயிலேறினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கார் ஆபீஸ் என்றால் எனக்கும் உள்ளூர உதறல்தான். அத்தைக்கு அது தெரியாது; நானும் காட்டிக்கொள்ளவில்லை.

அத்தை இருப்பது கோபியிலிருந்து சில மைல் தள்ளி ஒரு கிராமம். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரில் நெல்லும் வாழையும் மஞ்சளும் விளைகிற ஊர். மாமா காலமான பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அத்தை பொடி இடித்து விற்க ஆரம்பித்தாள். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், கொள்ளுப் பொடி. எட்டு வருஷமாக வியாபாரம் ஓஹோவென்றுதான் நடந்தது. ஆனால், கையில் காசு மட்டும் நின்றதில்லை! "எங்கே போவுதுன்னே தெரியலே கண்ணு" என்பாள்.

சொந்தமாக மிஷின் போட்டால் சரியாகிவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. கோபி பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக்கு இடம் பிடிப்பது, கழுத்துச் சங்கிலியை அடகு வைப்பது என்று முடிவே கட்டிவிட்டாள். அதற்கு முன்னால், யாரோ சொன்னார்கள் என்று ஈரோட்டு மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட நினைத்தாள்.

மாவட்டத் தொழில் மையம் என்பது 1978ல் தேசம் முழுவதும் தொடங்கப்பட்ட ஏற்பாடு. சிறுதொழில் தொடங்குகிறவர் யோசனைக்கு ஓர் இடம், கடனுக்கு ஓர் இடம், அனுமதிக்கு வேறோர் இடம் என்று அலைய வேண்டாம். ஜில்லாவில் ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றுக்கும் வழி சொல்ல வேண்டும் என்பதே நோக்கம்.

பஸ் கவுந்தப்பாடியைத் தாண்டிப் போயிற்று. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை போகிறதே, அந்தக் கவுந்தப்பாடிதான். அத்தை வழியெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தாள்: "ஏழாவதுதானே படிச்சேன், தொரத்தி உட்டுருவாங்களா?"

துரத்தவில்லை, உட்காரச் சொன்னார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகஸ்தர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். 2008ல் வந்த பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட உற்பத்தித் தொழிலுக்குப் படிப்புத் தகுதி கேட்பதில்லை என்று முதலில் அத்தையின் பயத்தைத் தெளிவித்தார். பிறகு, "கடை எங்கேங்கம்மா வைக்கப் போறீங்க?" என்றார்.

"கோபியிலேங்க."

"வேண்டாமுங்க. கோபி நகராட்சி. அங்கே பெண்களுக்கு மானியம் நூற்றுக்கு 25. உங்க ஊரு ஊராட்சிதானே? அங்கேயே வெச்சா 35."

அத்தை போட்டிருந்த திட்டம் 6 லட்சம் ரூபாய்க்கு. மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். இடத்தை மாற்றியதில் மட்டும் 60 ஆயிரம் ரூபாய் மிச்சம்! கைப்பணம் நூற்றுக்கு 5, அதாவது 30 ஆயிரம் போட்டால் போதும். சங்கிலிக்கும் அவசியமில்லை, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்று 2010லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

ஒன்றை மட்டும் அவர் அழுத்திச் சொன்னார். மானியம் கைக்கு வராது. 3 வருஷம் வங்கியிலேயே தனியாக இருக்கும். அதற்கு வட்டி கிடையாது; அந்த அளவு கடனுக்கு நம்மிடம் வட்டி வாங்குவதும் கிடையாது. 3 வருஷம் கழித்து, தொழில் நிஜமாகவே நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள்.

அப்புறம் அத்தை எழுதிக் கொண்டுவந்த திட்ட அறிக்கையைப் புரட்டினார். மிளகாய், மஞ்சள், கரண்டு, இரண்டு வேலையாட்கள், வண்டிக் கூலி, பாக்கெட் எல்லாம் இருந்தன. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க சம்பளத்தைக் காணோமுங்களே?"

அத்தை சிரித்துவிட்டாள். "எனக்கெதுக்குங்க சம்பளம்? என்ற வீட்டு வேலைதானுங்களே!"

"நீங்க படுத்துட்டா அந்த வேலையை யாரு செய்வாங்க? சும்மாவா செய்வாங்க? அந்தக் கூலியை எழுதுங்க."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எட்டு வருஷமாகக் காசு எங்கே போயிற்று என்று அந்த நிமிஷம் எங்கள் இருவருக்குமே விளங்கிவிட்டது. அவள் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விலை வைத்து, பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு ஊருக்குத் தானம் செய்துகொண்டிருந்தாள். "மாசம் 12 ஆயிரம்" என்று எழுதும்போது அவள் கை நடுங்கிற்று.

ஒரு வங்கியில், "நகை ஏதாவது இருக்குதா?" என்று கேட்டார்களாம். "கழுத்துலேயே இருக்குதுங்க. அங்கியே இருக்கட்டுங்க!" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வேறொரு வங்கி கடன் கொடுத்தது. பயிற்சி வகுப்புக்குப் போனாள். அரவை மிஷினும் வறுக்கும் மிஷினும் வந்தன.

கதை இத்துடன் சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் 2023ல் மஞ்சள் விலை கிடுகிடுவென்று ஏறிற்று. ஒரு நாள் ராத்திரி அத்தை டெலிபோன் செய்தாள்.

"ஒண்ணுமில்லே கண்ணு, சமாளிச்சுட்டேன். என்ற சம்பளத்தை நிறுத்திப் போட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலைக்கு வந்த இரண்டு பெண்களுக்கும் கூலி குறையவில்லை. கரண்டு பில் நிற்கவில்லை. வங்கித் தவணை தவறவில்லை. கஷ்டம் வந்ததும் முதலில் வேலையை விட்டு நீக்கப்பட்டவள் முதலாளியம்மாதான்! இப்படியே போனால் அவள் ஓய்ந்துபோய்க் கதவைச் சாத்துவாள்; 3 வருஷம் முடியுமுன் தொழில் நின்றால் மானியமும் போய்விடும்.

"அந்த அறிக்கையை எடுத்துப் பாருங்க, அத்தை" என்றேன். வெகு நேரம் பேச்சே இல்லை.

மறு வாரம் விலையை ஏற்றினாள். இரண்டு கடைக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். சிறிய பாக்கெட்டும் போட்டுப் பார்த்தாள். அது நன்றாகப் போயிற்று. அந்த ஆபீஸ் அவளிடம் ஒரு பாக்கெட் பொடிகூட வாங்கவில்லை. மஞ்சள் விலையை இறக்கவும் அதனால் ஆகாது. ஆனால் அன்று அவளை எழுத வைத்த அந்த ஒரு வரி, ஆபத்துக் காலத்தில் திரும்பிப் பார்க்க உதவிற்று.

2025ல் நேரில் வந்து பார்த்தார்கள். மானியம் 2,10,000 ரூபாயும் கடனில் கழிந்தது.

அதற்குப் பிறகு ஊருக்குப் போயிருந்தேன். புறப்படும்போது வழக்கம்போல் அத்தை ஒரு பை நிறையப் பொடி கொடுத்தாள். வழக்கம்போல் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அத்தை வாசற்படியில் நின்றபடி கையை நீட்டினாள்.

"காசு எடு கண்ணு."

வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் எதற்குமே பணம் கொடுத்ததில்லை.