மன்றோ: விதித்த கையும் குறைத்த கையும்

சென்னைத் தீவுத்திடலருகே 1839 முதல் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சேணமில்லாத அக்குதிரையோடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் எஞ்சுவது இரண்டு முடிவுகள்: உழவரின் காவலர் என்பது ஒன்று, பேரரசின் வரிவசூலாளர் என்பது மற்றொன்று. அவருடைய 1807ஆம் ஆண்டு அறிக்கையைப் படிப்பவருக்கு இவ்விரண்டும் போதா.

கம்பெனிப் படையில் சேர்ந்து 1780இல் சென்னை வந்தவர் மன்றோ. 1800இல் நிஜாம் விட்டுக்கொடுத்த கடப்பை, பெல்லாரி, அனந்தப்பூர், கர்நூல் பகுதிகள் அவர் பொறுப்பில் வந்தன. ஏறத்தாழ 80 பாளையக்காரர்களைப் படைகொண்டு ஒடுக்கினார். வயல்தோறும் அளந்து, இடைத்தரகரின்றி உழவரிடமே வரி பெறும் இரயத்துவாரி முறையை நிறுவினார். முந்தைய அரசுகளின் வசூலையும் கம்பெனியின் தேவையையும் ஒட்டி அவர் வரி விதித்தார். ஏழே ஆண்டுகளில் அப்பகுதியின் வருவாய் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று.

விடைபெறும் வேளையில் 1807இல் அவர் எழுதியதுதான் கவனத்துக்குரியது. அந்த வரி மொத்த விளைச்சலில் சுமார் 45 சதவீதத்தை விழுங்குகிறது. மூன்றில் ஒரு பங்காகக் குறையவேண்டும். அதற்கு நிலவரியில் 25 சதவீதம் தள்ளுபடி தேவை என்றார். தாம் விதித்தது மிகை என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்ட நேர்மை மறுக்கத்தக்கதன்று. அரசோ மறுத்தது, கிராமங்களைக் குத்தகைக்கு விட்டது. 1820இல் ஆளுநராகத் திரும்பிய மன்றோவின் ஆட்சியில்தான் அத்தள்ளுபடி நடைமுறைக்கு வந்தது.

1827இல் பத்திகொண்டாவில் வாந்திபேதிக்கு அவர் பலியானபோது இராயலசீமை துயருற்றது. பிள்ளைகளுக்கு ‘மன்றோலப்பா’ என்று பெயரிட்டனர். மந்திராலயத்தில் இராகவேந்திரர் அவருக்குக் காட்சி தந்தார் என்ற கதையும் வழங்குகிறது. அந்த நன்றியைப் பொய்யென்று தள்ளுவது உழவரை இழிவுபடுத்துவதாகும். ஆனால் மக்கள் நினைவில் தங்கியது குறைத்த கை. விதித்த கையும் அதுவே.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஒவ்வோர் உழவரிடமும் நேரே சென்ற முறை, கீழ்நிலை அலுவலரின் கையையும் ஒவ்வொரு வீட்டுவாசல்வரை நீட்டியது. வரி வசூலிக்கக் கிட்டியும் அண்ணாந்தாளும் பயன்பட்டதை 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை ஆணையம் பதிவுசெய்தது. மன்றோ அதற்கு ஆணையிடவில்லை. அவர் மறைந்து ஒரு தலைமுறை கடந்திருந்தது. ஆயினும் ஒரு முறைமையின் வரலாறு அதை வகுத்தவரின் நல்லெண்ணத்தோடு முடிவதில்லை.

சிலையை வைப்பதா எடுப்பதா என்ற வழக்கில் இவை எதுவும் இடம்பெறுவதில்லை. மிகையென்று விதித்தவரே அறிவித்த பின்னும், 1807க்கும் 1820க்கும் இடையில், குத்தகைதாரர் கையில் சிக்கி வரி கட்டியவர்கள் இருந்தனர். அவர்களுக்குச் சிலையில்லை, அவர்கள் தம் கைப்பட எழுதிய அறிக்கையும் இல்லை. மன்றோவின் மரபை எடைபோடுவோர் தொடங்கவேண்டிய இடம் அந்தப் பதின்மூன்று ஆண்டுகள்.