வளவில் நின்ற தோணி

இவ்வாண்டு தை மாதம், மாரி மழை ஓய்ந்த ஒரு காலையில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் வளவுக்கு வந்தார். கிணற்றடி, பூச்சாடிகள், கூரைப் பீலி யாவற்றையும் பார்த்த பின், பின்வளவில் வேம்பின் கீழ் நின்ற அப்பாவின் தோணியருகே சென்றார். அதனுள் ஒரு சாண் உயரத்துக்கு மழைநீர் நின்றது. ஒரு வெள்ளைக் கோப்பையில் அந்நீரை மொண்டு என்னிடம் நீட்டினார். நுளம்புக் குடம்பிகள் கோப்பை முழுதும் நெளிந்துகொண்டிருந்தன.

“டீச்சர், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நீங்களே இப்படி வைச்சிருக்கலாமா?” என்றார்.

முந்திய கிழமைதான் பத்தாம் தரத்துப் பிள்ளைகளுக்கு டெங்கு ஒழிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளாயினர் என்ற கணக்கையும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தேன். ஆனால் என் வீட்டுப் பின்வளவில் அதே நுளம்பு குடித்தனம் நடத்துவதை நான் அறியவில்லை. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி என்மீது வழக்குத் தொடரலாம் என்றும், ஒரு கிழமை தவணை தருவதாகவும் அவர் சொன்னார். நீரை இறைத்து ஊற்றினால் மட்டும் போதாது, நீர் நின்ற விளிம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்றும் கற்பித்தார். அந்த விளிம்பில் ஒட்டியிருக்கும் முட்டைகள் மாதக் கணக்காகக் காய்ந்து கிடந்தாலும், மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். என் வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட பாடம் அது.

அன்று மாலை தோணியை முதன்முறையாகச் சுற்றிவந்து பார்த்தேன். அப்பா இறந்தது 2018இல். அன்றுதொட்டு அது தன் வண்டியின்மேலேயே நின்றது. பழைய உழவு இயந்திரப் பெட்டியொன்றின் அச்சும் இரு சில்லுகளும் வாங்கி, இரும்புக் குழாய்களை ஒட்டுவித்து, அப்பா தாமே செய்வித்த வண்டி அது. 18 அடித் தோணியை வாவிக்கும் வீட்டுக்குமாக அதில்தான் இழுத்துச் செல்வார். இப்பொழுது சில்லுகள் காற்றிறங்கி மண்ணில் புதைந்திருந்தன. வண்டி சாயாதிருக்க யாரோ ஒரு தென்னங்குற்றியை முட்டுக்கொடுத்திருந்தார்கள். அந்தக் குற்றியின் வழியாகக் கறையான் மண்குழாய் கட்டி ஏறித் தோணியின் வயிற்றுக்குள் புகுந்திருந்தது. அணியத்தில் சுருட்டி வைத்த வலைக்குள் எலி குட்டி போட்டிருந்தது. வண்டியின் நிழலில், வாழைக்கன்றுகளை மொட்டையடிக்கும் ஆபிரிக்க நத்தைகள் பகற்பொழுதைக் கழித்தன.

“உடைச்சு விறகாக்கு மகள். பார்க்கப் பார்க்க எனக்கும் மனம் நோகுது,” என்றார் அம்மா.

அம்மா சொன்னது நியாயமே. தம்பி கட்டாரில் இருக்கிறான். எங்கள் ஊர் வழக்கப்படி வீடும் வளவும் பெண்பிள்ளையாகிய எனக்கு வந்தன. அவற்றோடு தோணியும் வந்தது. தமிழ்ச் சிறப்புப் பட்டம் பெற்று, மாணவருக்கு இலக்கணம் கற்பிக்கும் ஒருத்திக்குத் தோணி எதற்கு?

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாடசாலையில் படித்த காலத்தில், தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் ‘வியாபாரம்’ என்றே எழுதிவந்தேன். அவ்வளவும் பொய்யன்று, மீன் பிடித்தவர் அதை விற்கவும் செய்தார். பின்னர் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, நெய்தற்றிணைப் பாடல்களில் நல்ல புள்ளிகள் பெற்றேன். திமில், அம்பி, பரதவர் என்னும் சொற்களுக்கெல்லாம் பொருள் எழுதினேன். ஆனால் வார இறுதியில் வீடு திரும்பியபோது, கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் அவருடைய தோணியின் ஓர் உறுப்புக்குப் பெயர் என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய மீனவனைப் போற்றக் கற்றிருந்த நான், என் வீட்டு மீனவருக்காக நாணியிருந்தேன்.

இத்தனைக்கும் அந்தத் தோணி வெறும் தொழிற்கருவி மட்டும் அன்று. எங்கள் வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்டது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாய்ப் பரந்தது படுவான்கரை. கல்லடியில் வாவிக்கு மேல் லேடி மனிங் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. மண்முனையில் ஒரு பாலம் வருவதற்கோ 2014வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தொண்ணூறு ஆண்டுகளிலும் படுவான்கரையின் நெல்லும் பாலும், பிரசவ வலியெடுத்த தாய்மாரும், பரீட்சை எழுதப் போன பிள்ளைகளும் தோணியிலும் இக்கரை வந்தனர்.

2004 டிசம்பர் 26இல் கடல் நாவலடி மணற்றிடலைத் தாண்டி வாவிக்குள் புகுந்தது. அப்பொழுது எனக்கு 12 வயது. அப்பா அன்று தோணியை வண்டியோடு இழுத்துச் சென்று வாவியில் தள்ளினார். மாலைவரை நீரில் தத்தளித்தவர்களையும், தத்தளிப்பு அடங்கிவிட்டவர்களையும் கரை சேர்த்தார். எத்தனை பேர் என்று அவர் பின்னர் சொன்னதேயில்லை. அடுத்த ஆண்டு நிவாரணமாக நார்க்கண்ணாடிப் படகுகள் வந்து இறங்கின. அப்பாவின் தோணி சேதமடையாததால் அவர் பெயர் பட்டியலில் இல்லை. தொழிலே தெரியாத சிலருக்குப் படகு கிடைத்தது. அதைப் பற்றியும் அவர் யாரிடமும் முறையிடவில்லை.

தோணியை விறகாக்க எனக்கு மனம் வராதது இவற்றால் மட்டுமன்று. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய நாட்களை எண்ணிப் பார்த்தேன். இயந்திரப் படகுகள் கரையில் முடங்கிக் கிடந்தன. துடுப்பு வலித்துச் செல்லும் தோணிகள் மட்டும் அதிகாலையில் வழக்கம்போல் வாவிக்குச் சென்று இறாலும் நண்டும் மணலையும் கொண்டுவந்தன. ஊருக்குச் சோறும் கறியும் அரிதாயிருந்த அக்காலத்தில், உழைக்கத்தக்க ஒரு தோணியை என் வளவில் கறையானுக்கு இரையாக நிறுத்தி வைத்திருந்தேன். இந்த எண்ணம் என்னை உறுத்தியது.

நீரை இறைத்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, எழுபது வயது கடந்த ஓர் ஓடாவியை அழைத்துவந்தேன். அவர் சுத்தியற்பிடியால் ஒவ்வொரு பலகையையும் தட்டி ஓசை கேட்டார். ‘டங்’ என்ற இடத்தைக் கடந்து, ‘பொத்’ என்ற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டார். ஏராக்கட்டை நன்றாயிருந்தது. நான்கு பலகைகளும், கடையார்ப் பக்கத்து வங்குகள் இரண்டும் கெட்டிருந்தன.

“பிள்ளை, தோணிக்கு ரெண்டு பகை. தண்ணியில ஒண்டு, தரையில ஒண்டு,” என்று தொடங்கி அவர் விளக்கியதை என் நடையில் தருகிறேன். உவர்நீரில் ஓயாது கிடக்கும் மரத்தை ஒருவகைப் புழு துளைத்துத் தின்னும். பெயரளவில் புழுவாயினும் அது சிப்பியினத்தைச் சேர்ந்ததென்பதை நான் பின்னர் படித்தறிந்தேன். மரத்தைக் கரையேற்றி வெயிலில் காயவிட்டால் அது மடியும். மண்ணிலோ கறையான். ஈரமின்றி அதனால் வாழ முடியாது; வெயிலும் காற்றும் பட்டால் உலர்ந்து சாகும். அதனாலேயே மண்ணால் குழாய் கட்டி, அதற்குள்ளேயே நடமாடுகிறது. நீர்மேல் மிதக்கும் தோணியை அது அணுகாது. கிழமைதோறும் நீருக்கும் கரைக்குமாய்ப் போய்வந்த தோணியை இவ்விரு பகையும் தீண்டவில்லை. அந்த வண்டிதான் தோணிக்கு மருந்தாயிருந்தது. இரும்பு அச்சிலும் றப்பர்ச் சில்லிலும் நின்றவரை கறையானுக்கு எளிதான வழியில்லை. நாம் அன்போடு முட்டுக்கொடுத்த தென்னங்குற்றியே அதற்கு வழி திறந்தது.

கறையானைக் கொல்லக் கடையில் நஞ்சு வாங்கி வைத்திருந்தேன். ஓடாவி போத்தலைப் பார்த்துவிட்டுக் கிணற்றைப் பார்த்தார். எங்கள் மணல் மண்ணில் மேலே ஊற்றியது கீழே இறங்க அதிக நாள் எடுக்காது. நாங்கள் குடிப்பது அந்தக் கிணற்று நீரையே. போத்தலைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். குற்றியை அகற்றி எரித்தோம். மண்குழாய்களைச் சுரண்டி, புற்றைத் தோண்டி வெயிலுக்கு விரித்தோம். வண்டியைச் சீமெந்துக் கற்களின்மேல் ஏற்றினோம். வலையை உதறி எலிகளை விரட்டினோம். நத்தைகளை மாலை வேளைகளில் பொறுக்கி உப்புநீர் வாளியில் இட்டோம். ஒரே நாளில் முடிந்த வேலையன்று. நாள்தோறும் செய்ய வேண்டியிருந்தது.

நான் ‘தோம்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. என் வகுப்பில் ஒரு மாணவன், பெயர் வேண்டாம். கிழமையில் இரண்டு நாள் வருவான். வந்த நாட்களிலும் மேசையில் தலைசாய்த்து உறங்குவான். “வகுப்பு என்ன சத்திரமா?” என்று ஒருமுறை எல்லார் முன்னும் ஏசியிருக்கிறேன். தோணி திருத்தும் செய்தி கேட்டு ஒரு சனிக்கிழமை அவன் தானாகவே வந்தான். வந்ததும் ஓடாவியின் கையிலிருந்து பஞ்சை வாங்கிப் பழகிய கையால் திரிக்கத் தொடங்கினான். அணியம், கடையார், வங்கு, ஏரா என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்தான். அவற்றில் பாதியை அன்றுதான் நான் கற்றேன்.

வேலையினூடே கேட்டறிந்தேன். அவன் தகப்பனுக்குத் தோணியுமில்லை, வலையுமில்லை. பிறர் தோணியில் போகிறார். கிடைத்ததில் தோணிக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. எஞ்சியதில்தான் உடம்புக்குப் பங்கு. கூலிக்கு ஆள் பிடிக்க இயலாததால் இரவில் மகனையே துணைக்கு அழைத்துப்போகிறார். விடியற்காலை கரையேறுபவன் ஏழரை மணிக்கு என் வகுப்பில் இருக்க வேண்டும். அவன் உறக்கத்துக்கு நான் கண்ட காரணம் சோம்பல்.

சித்திரை விடுமுறை முழுதும் வேலை நடந்தது. புதுப்பலகை ஏற்றி, வேப்பங்கிளையில் வங்கு வெட்டிப் பொருத்தினர். திரித்த பஞ்சைக் குங்கிலியமும் தேங்காயெண்ணெயும் காய்ச்சிய பசையில் தோய்த்து மூட்டுகளில் இறுக்கினர். வெளிப்புறத்துக்குச் சுறாவெண்ணெய் பூசியதில் அயலெல்லாம் நாறியது. ஒரு காலத்தில் அந்த நாற்றத்துக்கு அஞ்சியே தோழிகளை வீட்டுக்கு அழைக்காதிருந்தேன். மொத்தச் செலவு என் இரு மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு.

பின்னர்தான் சிக்கல் எழுந்தது. தோணியை அந்த மாணவனின் தகப்பனுக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. எப்படிக் கொடுப்பது? தோணிப் பங்கு வாங்க வேண்டுமென்றார் அம்மா.

“உங்கட அப்பா எத்தின வருசம் ஆக்களுக்குப் பங்கு குடுத்தவர். இப்ப நாம வாங்கினா என்ன பிழை?”

எனக்கும் உள்ளூர அதே எண்ணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாதந்தோறும் வரும் ஒரு சிறு தொகை என் கடனுக்கு உதவும். தொழிலாளர் உரிமையைப் பற்றி மேடையில் பேசுவது எளிது; தன் வளவில் நிற்கும் தோணி உழைத்துத் தருமென்றால் மனம் வேறு கணக்குப் போடுகிறது. இரண்டு இரவு யோசித்தேன். அப்பா பிறர் தோணியில் உடம்புப் பங்குக்கு உழைத்த காலத்தில், எனக்குப் பாலர் வகுப்புக்குச் சட்டை வாங்கக்கூடப் பணமில்லாதிருந்ததை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் கதையை அவருக்கே திருப்பிச் சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை.

முடிவில் பங்கு வேண்டாமென்று தீர்த்தோம். திருத்திய செலவை மட்டும் முடிந்தபோது முடிந்த அளவில் அவர் திருப்பித் தர வேண்டும். தந்து முடிந்ததும் தோணி அவருடையது. “கிழமையில ஒரு நாள் கறிக்கு மீன் தரட்டும்,” என்று அம்மா ஒரு நிபந்தனை சேர்த்தார். அதுவும் ஒரு பங்குதான். அதை நான் தடுக்கவில்லை.

வைகாசியில் ஒரு மாலை, ஆறு பேர் சேர்ந்து வண்டியை வாவிக்குத் தள்ளினோம். தோணி நீரில் இறங்கியதும் மூட்டுகள் வழியே நீர் கசிந்து உள்ளே நிறைந்தது. நான் பதறினேன். ஓடாவியும் மாணவனும் சிரித்தார்கள். வெயிலில் காய்ந்த பலகை சுருங்கியிருக்கும். ஆழமில்லாத நீரில் மூன்று நாள் அமிழ்ந்து கிடந்து ஊறினால் விரிந்து மூட்டுகள் தாமே அடைபடும் என்றார்கள். அப்படியே ஆயிற்று. நான்காம் நாள் நீரை இறைத்துவிட்டு, தகப்பன் மட்டும் துடுப்போடு ஏறினார். மகன் கரையில் நின்றான். இரவுத் தொழிலுக்கு அவனை அழைப்பதில்லை என்பது பேச்சு. தோணிப் பங்கு மிஞ்சுவதால் துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ள அவருக்கு இப்பொழுது இயலும்.

அவன் இப்பொழுது கிழமையில் நான்கு நாள் வருகிறான். ஐந்தாம் நாள் எங்கே என்று நான் இன்னும் கேட்கவில்லை. என் வகுப்பில் உறங்கும் மற்றப் பிள்ளைகள் மூவர். அவர்களுடைய வீட்டுக் கதையைக் கேட்டறிய வேண்டும். அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் தோணி இல்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு வருமாறு ஓடாவி அழைத்திருக்கிறார். கரையில் கெட்டுக்கிடக்கும் தோணிகளைக் கணக்கெடுத்து ஒவ்வொன்றாய்த் திருத்தலாமா என்பது அங்கே பேசப்படவிருக்கிறது. கணக்கெழுத ஓர் ஆள் வேண்டுமாம். போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனியில் சுகாதாரப் பரிசோதகர் மீண்டும் வந்தார். வேம்பின் கீழ் வெறும் வண்டி மட்டும் நின்றது.

“தோணி எங்க டீச்சர்?”

“தொழிலுக்குப் போயிட்டுது,” என்றேன்.