பயந்துதான் நிறுத்தினேன் என்று சொன்ன சாம்பியன்

கார் ரேஸ் ஓட்டுபவனுக்குப் பயமே கிடையாது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1970களின் ஃபார்முலா ஒன் கதைகளைப் படித்தால் அந்த எண்ணம் போய்விடும்.

அப்போது ஏறக்குறைய ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு டிரைவர் செத்துப் போவார். 1970இல் யோகன் ரிண்ட் மோன்சாவில் இறந்தார். அவர் அதுவரை சேர்த்திருந்த புள்ளிகளை மிச்ச ரேஸ்களில் யாராலும் தாண்ட முடியவில்லை. இறந்துபோனவருக்கே உலக சாம்பியன் பட்டம்!

அந்தக் காலத்து இரண்டு பேரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஹண்ட், ஆஸ்திரியாவின் நிக்கி லாடா. ஹண்ட் என்றால் பீர், சிகரெட், பார்ட்டி. ஆனால் ரேஸுக்கு முன்னால் பதற்றத்தில் வாந்தி எடுப்பார் மனுஷன். லாடா நேர் எதிர். எல்லாவற்றுக்கும் கணக்கு.

1976இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஓட்ட வேண்டாம் என்றார் லாடா. கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர் பாதையில் தீயணைப்பு வண்டியும் டாக்டரும் எல்லா இடத்துக்கும் உடனே போக முடியாது என்பது அவர் கணக்கு. மற்ற டிரைவர்கள் ஓட்டுப் போட்டு அதைத் தோற்கடித்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று அதே பாதையில் அவருடைய ஃபெராரிதான் தீப்பிடித்தது. சக டிரைவர்கள் நான்கு பேர் வெளியே இழுத்துப் போட்டார்கள். பாதிரியார் வந்து கடைசிப் பிரார்த்தனை வரைக்கும் செய்துவிட்டார்.

ஆறே வாரத்தில் ஆள் மோன்சாவில்! நான்காவது இடம். பயத்தை ஜெயித்துவிட்டதாகச் சொன்னார். அது பொய் என்று பின்னாளில் தன் புத்தகத்தில் அவரே எழுதினார்.

அக்டோபர் 24, ஜப்பானின் ஃபுஜி. கடைசி ரேஸ். லாடா 68 புள்ளி, ஹண்ட் 65. கொட்டுகிற மழை, முன்னால் போகும் கார் தெரியவில்லை. இரண்டு சுற்று ஓட்டிவிட்டு லாடா காரை நிறுத்தி இறங்கிவிட்டார். இன்ஜின் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றார் ஃபெராரி இன்ஜினியர் ஃபோர்கியேரி. லாடா ஒத்துக்கொள்ளவில்லை. ஹண்ட் மூன்றாவதாக வந்தார். 69க்கு 68. ஒரே ஒரு புள்ளியில் பட்டம் போச்சு.

ரிஸ்க் எடுத்தால்தான் லாபம் என்று எங்கள் காமர்ஸ் வகுப்பில் அடிக்கடி சொல்வார்கள். எந்த லாபத்துக்கு எவ்வளவு ரிஸ்க் என்பதுதான் கேள்வி. அதற்கு லாடாவிடம் பதில் இருந்தது. 1977இலும் 1984இலும் மறுபடி சாம்பியன் ஆனார். 2019இல்தான் காலமானார். ஹண்ட்டும் 1979 சீசனின் பாதியிலேயே போதும் என்று விலகிவிட்டார்.

அதற்காக லாடா ஈகோ இல்லாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அது அவருக்கு மலையளவு உண்டு. ஆனால் நம்முடைய ஈகோ ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று கேட்கும். அவருடைய ஈகோவுக்கு அந்த நாலு பேர் தேவைப்படவில்லை. அன்று இன்ஜின் மேல் பழியைப் போட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ‘பயந்துதான் நிறுத்தினேன்’ என்று உலகத்துக்கே சொல்ல, தீக்குள் இருந்து வந்ததைவிடப் பெரிய தைரியம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.