உயர்தரப் பெட்ரோலும் காசு மிச்சமும்

அமெரிக்க நாட்டுப் பெட்ரோல் நிலையங்களில் 87, 89, 93 என எண் பொறித்த குழாய்கள் நிரலே நிற்கும். 87 சாதாரணம், 91-ம் அதற்கு மேற்பட்டனவும் பிரீமியம் என்னும் உயர்தரம். எண் ஏற விலையும் ஏறும். உயர்தரம் வேண்டும் வண்டியை உடையார் சிலர், சின்னாள் 87-ஐ ஊற்றி, வண்டி ஓடக்கண்டு, கேடொன்றுமில்லை எனத் துணிகின்றனர். அத்துணிவு ஆராயற்பாலது.

அவ்வெண்ணை ஆற்றலின் அளவென்பாரும் தூய்மையின் அளவென்பாரும் பலர். இரண்டும் பிழை. அஃது எரிபொருளின் பொறுமைக்கு அளவாம். என்னை? சிலிண்டரினுள் பெட்ரோலாவியுங் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அமுக்க, வெப்பம் மிகும். பின்னர் மின்பொறி தோன்றிச் சுடர் ஒரு மருங்கினின்று பரவும். அச்சுடர் வந்தெய்துமுன்னரே கடையில் நின்ற கலவை தானே பற்றுமாயின், இரும்பைத் தட்டினாற்போலும் ஓசை எழும். இதனை நாக்கிங் என்ப. இதனை நன்கு தடுக்கும் ஐஸோ ஆக்டேனுக்கு 100 என்றும், தடுக்கமாட்டாத ஹெப்டேனுக்கு 0 என்றும் கொண்டு, இவற்றின் கலவையோடு பெட்ரோலை ஒப்புநோக்கும் அளவையை 1926-இல் கிரஹாம் எட்கர் என்னும் அறிஞர் வகுத்தனர். அமெரிக்கக் குழாயிற் காண்பது இருமுறையாற் கண்ட எண்களின் சராசரி. ஐரோப்பாவில் அவற்றுள் உயர்ந்ததொன்றே எழுதப்படும். ஆதலின் அமெரிக்க 87 ஆண்டைய 91-ஐ ஒட்டியதென்றறிக.

அமுக்கம் மிக்க எஞ்சினும், டர்போவாற் காற்றை மிகுதியாகத் திணிக்கும் எஞ்சினும் பொறுமை மிக்க எரிபொருளை வேண்டுவன. இக்கால வண்டிகளில் நாக்கிங்கை உணருங் கருவியுண்டு. அஃது உணர்த்தியவுடனே வண்டியின் கணிப்பொறி மின்பொறி தோன்றுங் காலத்தைப் பிற்படுத்தும். எஞ்சின் பிழைக்கும், ஆற்றல் குறையும், காலன் ஒன்றுக்கு ஓடும் மைலுங் குறையும். குழாயடியில் மிச்சம்பிடித்த காசிற் பகுதி சாலையிலே கழியும். வண்டி ஓடிற்றென்பார் கண்டது அக்கருவியின் காவலையேயன்றி எரிபொருளின் தகுதியை அன்று. காவலுக்கும் எல்லையுண்டு. கோடை வெயிலிற் பெருஞ்சுமை இழுத்து மலையேறுங்கால் நாக்கிங் அடங்காதாயின், பிஸ்டனின் தலை குழிபடும். வளையந் தாங்கும் விளிம்பு உடையும். அதனைச் செப்பனிடுஞ் செலவின்முன் பல்லாண்டு மிச்சமும் நில்லாது.

ஈண்டு நோக்கற்பாலது வண்டியின் கையேடு. அதில் உயர்தரப் பெட்ரோல் 'ரெகமெண்டட்' என்றிருப்பின், நன்றென்னும் அளவே. 87 ஊற்றினும் ஆற்றற் குறைவோடு அமையும். 'ரிகொயர்ட்' என்றிருப்பின் அது விதி, விலக்கற்கில்லை. இவ்விரு சொல்லையும் ஒருபொருட் கிளவியாக் கொண்டு பொருள்பண்ணுவாரே பெரிதும் இடர்ப்படுவர். விதியைக் கடந்ததனால் நேர்ந்த பழுதைத் தம் பொறுப்பன்றென வண்டி செய்தோர் மறுக்கவுங்கூடும்.

இதன் மறுதலையும் உண்டு. 87 போதுமென்ற வண்டிக்கு உயர்தரம் ஊட்டுதல் வீண். அமெரிக்க மோட்டார் சங்கமாகிய ஏ.ஏ.ஏ. 2016-இல் ஆராய்ந்து, அதனாற் குறிக்கத்தக்க பயனின்றென வெளியிட்டது.

உயர்தரம் வேண்டும் வண்டியில் ஒருகால் மறந்து 87 நிரப்பினார் அஞ்சித் தொட்டியை வடிக்க வேண்டுவதில்லை. விரைவும் சுமையும் ஏற்றமும் தவிர்த்து மெல்லச் செலுத்தி, பாதி தீர்ந்தவுடன் 93-ஐ நிரப்புக. இரண்டுஞ் செம்பாதி கலப்பின் எண் ஏறக்குறைய 90 ஆகும்.