எங்கள் வீட்டு ஆஸ்கர்

போன வருஷம் சின்னத் தொட்டியில் கப்பி மீன்களோடு ஒரு ஆஸ்கர் குஞ்சை விட்டேன். காலையில் 6 கப்பிகளைக் காணோம்! கோபத்தில் ஆஸ்கரைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாயில் அடங்குவதை விழுங்குவது அதன் இயல்பு. தப்பு என்னுடையதுதான்.

இந்த வருஷம் மாமா தன் 4 அடி தொட்டியைக் கொடுத்தார். சுமார் 250 லிட்டர் பிடிக்கும். வேட்டை மீன் ஒண்ணே ஒண்ணு போதும் என்று முடிவு செய்து, அப்பாவும் நானும் சென்னை கொளத்தூர் கடைகளுக்குப் போனோம்.

அரோவானா கேட்டேன். “அது 3 அடி வளரும் தம்பி. உன் தொட்டி அகலம் ஒன்றரை அடி. எப்படித் திரும்பும்?” என்றார் கடைக்கார அண்ணன். “பெரிசானா ஏரியில விட்டுடலாமே” என்றேன். அப்பா முறைத்தார். “அங்க இருக்கிற நம்ம ஊர் மீனையெல்லாம் தின்னுடுமேடா!”

கடைசியில் ஆஸ்கரையே எடுத்தோம். அமேசான் பகுதி மீன். ஒரு அடிதான் வளரும். 10 வருஷத்துக்கு மேலும் வாழும். “நீ காலேஜ் முடிச்சாலும் இது இருக்கும். பார்த்துக்குவியா?” என்றார் அப்பா. யோசித்துத்தான் தலையாட்டினேன்.

வாராவாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். பள்ளி விட்டு வந்தால் கண்ணாடியோரம் ஓடி வருகிறது. நண்பர்களே, கடையில் இருக்கும் அளவைப் பார்த்து ஏமாறாதீங்க. எவ்வளவு வளரும்னு கேட்டு வாங்குங்க!